பழைய ஷூ விற்கிறீர்களா? முதலில் அடிப்பாகத்தைப் படம் எடுங்கள்

இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். பகுதி நேர வேலை, வளர்ந்துகொண்டே போகிற இரண்டு பையன்கள், மிச்சம் கிடைக்கிற நேரத்தில் இணையத்தில் பழைய ஷூ வாங்கி விற்கிறேன். இதில் என்ன வருமானம் வரும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சம்பளத்துக்கு மாற்று கிடையாது. பையன்களின் நீச்சல் வகுப்புக் கட்டணமும் கார் பெட்ரோலும் இதில் ஓடிவிடுகின்றன, நல்ல மாதமாக இருந்தால் ஊருக்குப் போகிற டிக்கெட்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் நம்மவர்கள் பலர் இதைத் தொடங்கி இரண்டே மாதத்தில் அலுத்துப்போய் விடுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பிராண்டைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள், தேய்மானத்தைப் பார்ப்பதில்லை, விற்கும்போது அதைச் சொல்வதும் இல்லை. திரும்பி வருகிற ஒரு ஜோடி, விற்ற மூன்று ஜோடியின் லாபத்தைத் தின்றுவிடும்.

வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து அம்மா போனில், "கோயில் வாசல்ல செருப்பு காணாமப் போனா பீடை விட்டுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, நீ அந்தப் பீடையைக் காசு கொடுத்து வாங்கிட்டு வர்றியேடி" என்றார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தங்கை அதையே வேறு மாதிரி கேட்டாள், "அக்கா, உந்தப் பழைய சப்பாத்தை எல்லாம் ஆர் காசு குடுத்து வாங்குவினம்?" வாங்குகிறார்கள். இப்போது அவளுடைய மகளின் கால்பந்து பூட்ஸும் என் மூலமாகத்தான் போகிறது.

தொடங்குவதற்கு எளிதான சரக்கு அந்தக் கால்பந்து பூட்ஸ்தான். பத்து வயதுப் பையனுக்கு செப்டம்பரில் வாங்கியது ஈஸ்டருக்குள் கடித்துவிடும், அதற்குள் அது தேய்ந்திருக்காது. வாங்கும் பெற்றோருக்கும் அது தெரியும், அதனால் கூச்சமில்லாமல் பழையதை வாங்குகிறார்கள். ஆனால் அடியில் தரையைப் பிடிக்க இருக்கிற குமிழ்கள், அதாவது ஸ்டட், எந்த வகை என்று எழுதாவிட்டால் தொல்லை. எஃப்ஜி என்றால் காய்ந்த புல்தரைக்கு, எஸ்ஜி என்றால் ஈரமான சேற்றுத் தரைக்கு, ஏஜி என்றால் செயற்கைப் புல்லுக்கு. எஸ்ஜியில் பெரும்பாலும் உலோக ஸ்டட் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு செயற்கைப் புல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். இந்த மூன்று வகைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் வாங்கிப்போன தாய்மார்கள் ஞாயிறு காலையில் மைதானத்து வாசலில் நின்று எழுதுகிற செய்திகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியிலும் ஷூவின் நாக்கு உட்புறத்து லேபிளிலும் அந்த எழுத்துகள் இருக்கும், தேடிப் பார்த்து தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

சொந்த வீட்டுச் சரக்கு தீர்ந்த பிறகு வெளியே வாங்க வேண்டும். தொண்டுக்காகப் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகள், ஆட்கள் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழையதை விற்கும் ஞாயிறு காலை கார் பூட் சேல், இரண்டும்தான் எனக்கு. கார் பூட்டுக்குச் சீக்கிரம் போனால் நல்லது கிடைக்கும், கடைசியில் போனால் மலிவாகக் கிடைக்கும், இரண்டுக்கும் நடுவில் போவதில் பிரயோஜனமில்லை. சாரிட்டி கடைகளில் ஸ்னீக்கர் விலை இப்போது ஏறிவிட்டது, அவர்களும் இணையத்தில் விலை பார்த்துத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் ஆண்களின் தோல் ஷூக்களை அவர்கள் அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை, அங்கேதான் நமக்கு இடம்.

இங்கிருந்து நார்த்தாம்ப்டன் பக்கம். அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் பல தலைமுறைகளாக ஷூ தயாரிப்புக்குப் பேர்போனவை, உள்ளூர் கால்பந்துக் குழுவின் செல்லப் பெயரே 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்பவர்கள். க்ரோக்கெட் அண்ட் ஜோன்ஸ், சர்ச்சஸ், ட்ரிக்கர்ஸ் கம்பெனிகள் எல்லாம் அந்த ஊர், லோக் கம்பெனி பக்கத்து ஊரான கெட்டரிங், பார்க்கர் ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊர். இவர்களின் நல்ல ஷூக்கள் குட்இயர் வெல்ட் என்ற முறையில் தைத்தவை. மேல்தோலையும் அடிப்பாகத்தையும் சுற்றிவரும் ஒரு தோல் பட்டை வழியாகத் தைத்திருப்பார்கள், அதனால் அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எனவே அடி பாதி தேய்ந்த லோக் ஷூவுக்கும் ஆள் இருக்கிறது, பசையில் ஒட்டிய சாதாரண ஆபீஸ் ஷூ அந்த நிலையில் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். பதினைந்து இருபது பவுண்டுக்கு எடுத்த லோக் ஜோடி, சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் ஐம்பது அறுபதுக்குப் போயிருக்கிறது. டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருப்பதற்குத் தனி மவுசு உண்டு, காரணம் 2003இல் உற்பத்தியில் பெரும்பகுதியை ஆசியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பழைய இங்கிலாந்து ஜோடிகளைத் தேடி வாங்குகிற கூட்டம் அதற்குப் பிறகு உருவானது. 2007இலிருந்து ஒரு சிறு வரிசையை இங்கேயே மறுபடி செய்கிறார்கள், அதற்கும் நல்ல விலை.

கத்தரிக்காயைத் திருப்பிக் காம்பைப் பார்ப்பதுபோல ஷூவைத் திருப்பி அடியைப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் சரிந்து தேய்ந்திருந்தால் முந்தையவரின் நடை அதில் பதிந்துவிட்டது, அடுத்தவர் காலுக்கு அது ஒத்துவராது. உள்ளே கையை விட்டுக் குதிகால் பகுதியின் துணியைத் தடவுங்கள், பெரும்பாலான ஓட்டைகள் அங்கேதான். உள்ளே பாதம் படுகிற அட்டையான இன்சோலைத் தூக்கிப் பாருங்கள், விரல்கள் குழி பறித்திருக்கிறதா என்று தெரியும். அப்புறம் மூக்கு. கடையில் நின்று ஷூவை முகர்ந்து பார்க்கக் கூச்சப்படுபவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம்.

ஸ்னீக்கர் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம், போடாமலே வைத்திருந்த ஷூவும் செத்துப்போகும். நடு அடிப்பாகம் பாலியூரிதேன் என்ற நுரையில் செய்ததாக இருந்தால் காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் அதை உள்ளிருந்தே சிதைக்கும், பெட்டியில் பத்திரமாக வைத்த பத்துப் பதினைந்து வருடத்து ஜோடி ஒருநாள் நடந்தால் பொடிப்பொடியாக உதிரும். பழைய நைக்கி ஏர் மேக்ஸ், ஜோர்டன் வகைகளிலும் நல்ல மலையேற்ற பூட்ஸ்களிலும் இது சகஜம். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்த நோய் கிடையாது, அது அழுந்திப்போகும், உதிராது. கட்டைவிரலால் நடு அடியை அழுத்துங்கள், மெல்லிய விரிசல் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஓட்டப் பயிற்சி ஷூவையும் நான் தொடுவதில்லை. பொதுவாக ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் மாற்றச் சொல்வார்கள், முந்தையவர் எத்தனை ஓடினார் என்பதை மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

போலி விஷயத்திலும் ஜாக்கிரதை. நைக்கி லேபிளில் எழுத்தோ எண்ணோ ஆறு, ஒரு கோடு, பிறகு மூன்று எண் என்று ஒரு குறியீடு இருக்கும், அதை அப்படியே தேடினால் கையிலிருக்கும் அதே நிறம், அதே மாடல் வர வேண்டும். வேறு ஷூ வந்தால் முடிந்தது கதை. போலியை விற்பது இங்கே வர்த்தக முத்திரைச் சட்டப்படி குற்றம், 'எனக்குத் தெரியாது' என்று எழுதி விற்பதெல்லாம் நடக்காது. தோல் என்று எழுதுமுன் உள்ளே ஒட்டியிருக்கும் சின்னப் படங்களையும் பாருங்கள்: விரித்த விலங்குத் தோல் வடிவம் என்றால் உண்மைத் தோல், அதன் நடுவில் ஒரு வைர வடிவம் இருந்தால் மேலே பூச்சு உள்ள தோல், வலைக் கோடுகள் என்றால் துணி, வெறும் வைரம் என்றால் மற்ற பொருள், அதாவது பெரும்பாலும் ரெக்ஸின் ரகம். இந்தப் படத்தைப் பார்க்காமல் 'ஒரிஜினல் லெதர்' என்று எழுதியவர்களிடம் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை. வாஷிங் மெஷினில் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் சூட்டிலும் சுழற்சியிலும் பசை விட்டுவிடும், தோல் விறைத்துவிடும். நான் லேஸையும் துணி இன்சோலையும் மட்டும் வலைப் பையில் போட்டு மெஷினில் விடுவேன். மற்றதெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். வெல்வெட் மாதிரி மேற்பரப்புள்ள ஸ்வேட் தோலுக்குத் தண்ணீர் காட்டாமல் முதலில் அதற்கான பிரஷும் ரப்பர் கட்டியும். உலர்த்துவதற்கு உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் விட வேண்டும், இந்த ஊர்க் குளிரில் இரண்டு நாள்கூட ஆகும், அதற்குப் பொறுமை வேண்டும். மஞ்சளடித்த வெள்ளை அடிப்பாகத்துக்கு முடிக்கு நிறம் போடுபவர்கள் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு க்ரீமைத் தடவி, பிளாஸ்டிக் உறையால் சுற்றி வெயிலில் வைத்தால் பெருமளவு வெளுக்கும். கையுறை கட்டாயம், மேல்துணியில் பட்டால் அதுவும் வெளுத்துவிடும். பூஞ்சைத் தொற்று பழைய ஷூ வழியாகப் பரவக்கூடியது, அதனால் உள்ளே பூஞ்சைக்கொல்லி ஸ்ப்ரே அடித்து, முடிந்தவரை புது இன்சோல் போட்டே அனுப்புகிறேன். இரண்டு மூன்று பவுண்டு செலவுதான், 'புது இன்சோல்' என்ற இரண்டு சொல்லுக்கு வாங்குபவரின் அருவருப்பைப் பாதி குறைக்கிற சக்தி உண்டு.

படம். எல்லோரும் பக்கவாட்டில் அழகாக ஒன்று எடுத்துப் போடுகிறார்கள். அதுவும் வேண்டும்தான், ஆனால் வாங்குபவர் தேடுவது அடிப்பாகம், குதிகாலின் பின்புறம், உள்ளே இன்சோல், முன்விரல் மடிப்பு, லேபிள், அப்புறம் கீறல் இருந்தால் அதன் மேல் விரலை வைத்துக் காட்டுகிற ஒரு நெருக்கப் படம். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சம் போதும், நிறத்தை மாற்றும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். குறையைக் காட்டினால் விலை குறையும் என்று பயப்படுவார்கள். எனக்கு நடந்தது தலைகீழ், அடிப்பாகத்தை இரண்டாவது படமாகப் போடத் தொடங்கிய பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள், திரும்பி வருவதும் அநேகமாக நின்றது. மறைக்க எதுவுமில்லை என்று தெரிந்தால் மனிதர்கள் சீக்கிரம் காசு கொடுக்கிறார்கள்.

அளவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. யூகே 8 என்று எழுதினால் போதும் என்று நினைப்போம். நைக்கி ஆண்கள் யூகே 8 ஐரோப்பிய அளவில் 42.5, சென்டிமீட்டரில் 27. அடிடாஸ் யூகே 8 ஐரோப்பிய அளவில் 42, சென்டிமீட்டரில் 26.5. ஒரே எண், அரை சென்டிமீட்டர் வித்தியாசம், அரை சென்டிமீட்டரில் ஷூ கடிக்கும். லேபிளில் இருப்பதை எல்லாம் எழுதி, கூடவே இன்சோலை வெளியே எடுத்து டேப் வைத்து அளந்து அந்த நீளத்தையும் எழுதுங்கள், டேப்போடு சேர்த்து ஒரு படமும் போடுங்கள். 'சைஸ் சரியில்லை' என்ற செய்தி வந்தால் அந்தப் படமே பதில்.

விலைக்கு ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்ப்பதுதான் சரி. மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்த்துப் பயனில்லை, ஐநூறு பவுண்டு என்று யார் வேண்டுமானாலும் போடலாம். 2024 அக்டோபரிலிருந்து இங்கே தனிநபர் விற்பனையாளருக்கு இருந்த கட்டணத்தை ஈபே நீக்கிவிட்டது, பிறகு வாங்குபவரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பழைய துணி, ஷூ விற்கும் இன்னொரு தளமான விண்டெட் அதற்கு முன்பிருந்தே அந்த வழிதான். பிள்ளைகளின் ஷூ விண்டெட்டில் வேகமாகப் போகிறது, தோல் ஷூவும் அரிய மாடல்களும் ஈபேயில் நல்ல விலைக்குப் போகின்றன. பருவமும் பார்க்க வேண்டும்: கறுப்புப் பள்ளி ஷூ ஆகஸ்டில், கால்பந்து பூட்ஸ் ஆகஸ்ட் கடைசியிலிருந்து, ரப்பர் வெல்லிங்டன் பூட்ஸ் இசைத் திருவிழாக்களுக்கு முன்னால் ஜூனில்.

அனுப்பும்போது பெட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். ராயல் மெயிலில் சிறு பார்சல் என்றால் 45க்கு 35க்கு 16 சென்டிமீட்டர், இரண்டு கிலோவுக்குள். சாதாரண ஷூ பெட்டி அதில் அடங்கும், உயரமான பூட்ஸ் பெட்டி அடங்காது, அடுத்த விலைக்குத் தாவிவிடும். பூட்ஸைப் படுக்கவைத்து பெட்டியில்லாமல் கெட்டியாகச் சுற்றி அனுப்பினால் பல நேரம் சிறு பார்சலிலேயே போய்விடும். கட்டுவதற்கு முன் ஷூவையும், கட்டிய பிறகு லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். விலை கூடிய ஜோடியாக இருந்தால் நாக்கின் உள்பக்கம் கண்ணில் படாத மாதிரி பேனாவில் ஒரு புள்ளி வைத்து அதையும் படம் எடுப்பேன். நல்ல ஜோடியை வைத்துக்கொண்டு தன் கிழிந்த ஜோடியைத் திருப்பி அனுப்புகிற புண்ணியவான்கள் உண்டு, அப்படி ஒருவர் அனுப்பியபோது அந்தப் புள்ளிதான் என் காசைக் காப்பாற்றியது.

சரி, சாக்ஸும் விற்கலாமா என்று கேட்பீர்கள். பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் விற்பேன், போட்ட சாக்ஸை விற்பதில்லை. ஆனால் பெண் பெயரில் ஷூ விற்றால் கேள்விகள் வரும், அதைத் தெரியாமல் யாரும் இறங்கக் கூடாது. 'எத்தனை நாள் போட்டீர்கள்', 'துவைக்காமல் அனுப்ப முடியுமா', 'காலில் போட்டுக்கொண்டு ஒரு படம் கிடைக்குமா, இரண்டு மடங்கு தருகிறேன்'. முதலில் கேட்கும்போது அளவு பார்க்கக் கேட்கிறாராக்கும் என்று நினைத்துப் பதில் சொல்லிவிடுவோம், நாலாவது கேள்வியில்தான் விஷயம் புரியும். காலிலும் போட்ட ஷூ, சாக்ஸிலும் பாலியல் கிளர்ச்சி தேடுபவர்களுக்கென்றே தனிச் சந்தை இருக்கிறது, அதற்கென்று தனித் தளங்கள் இருக்கின்றன, அதில் தெரிந்தே இறங்கிச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், வயது வந்தவர்கள் அவரவர் முடிவு, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கால்பந்து பூட்ஸ் விற்கிற அதே கணக்கில், அதே சொந்தப் பெயரில், பார்சலில் வீட்டு முகவரி எழுதி அந்த வேலையைச் செய்வது ஆபத்து. பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்புகிறேன் என்பார்கள், வராது, அல்லது வந்து திரும்பிப் போகும். அனுப்பிய படம் எங்கே போய் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. நான் செய்வது இதுதான்: காலோ முகமோ எந்தப் படத்திலும் கிடையாது, பயனர் பெயரில் என் பெயரோ ஊரோ கிடையாது, திருப்பி அனுப்பும் முகவரியாக வீட்டைக் கொடுக்க வேண்டியில்லாத பார்சல் லாக்கர் வழி அனுப்புகிறேன், பிள்ளைகளின் ஷூவைப் பற்றி இப்படிக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் படம்பிடித்து வைத்துத் தளத்தில் புகார் செய்துவிட்டு தடுத்துவிடுகிறேன். விவாதம் பண்ணினால் அதுவும் அவர்களுக்குச் சுகம்.

இன்னொரு வகைத் தொல்லை, 'கூரியர் ஆள் வீட்டுக்கு வருவார், பணம் பெற இந்த இணைப்பில் உங்கள் கார்டு எண்ணைப் போடுங்கள்' என்பது. பணம் பெறுவதற்குக் கார்டின் பின்பக்க எண் எதற்கு? வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வரி. சொந்தமாகப் போட்ட ஷூவை விற்பது வியாபாரம் அல்ல. விற்பதற்காகவே வாங்கினால் வியாபாரம். வியாபாரமாகச் செய்தால் ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை 1,000 பவுண்டு வரைக்கும் சலுகை உண்டு, ஆனால் அது விற்ற மொத்தத் தொகை, லாபம் அல்ல, பலர் குழம்புவது இங்கேதான். அதைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும், வருடம் முடிந்த பிறகு வருகிற அக்டோபர் 5 கடைசித் தேதி. 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்தில் 30 பொருளோ ஏறக்குறைய 1,700 பவுண்டோ எட்டியவர்களின் விவரத்தைத் தளங்களே வரித்துறைக்குக் கொடுக்கின்றன, அப்போது ஏதோ புது வரி வந்துவிட்டதாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பீதி. வரி புதிதல்ல, தகவல் போவதுதான் புதிது. ஒரு நோட்டில் வாங்கிய விலை, தபால், இன்சோல் செலவு எல்லாம் எழுதிவாருங்கள், சாரிட்டி கடை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். தொடர்ந்து வாங்கி விற்றால் தளத்தில் வணிகக் கணக்காக மாற்ற வேண்டும், அப்போது வாங்குபவருக்கு 14 நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வந்துவிடும்.

மாணவர் விசாவில் வந்திருக்கிற தம்பி தங்கைகள் இதைப் பார்த்து உற்சாகப்பட வேண்டாம். அந்த விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. உங்கள் பழைய ஷூவை விற்றுக்கொள்ளலாம், கார் பூட்டில் மூட்டையாக வாங்கி விற்பது வேறு விஷயம். வேலை விசாவில் இருப்பவர்களும் நிபந்தனையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விற்காமல் தங்கிய சரக்கை மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் வைத்திருப்பதில்லை, மாடிப்படிக்குக் கீழே இடம் அவ்வளவுதான். விலையைக் குறைத்துப் பார்ப்பேன், இரண்டு மூன்று ஜோடியைச் சேர்த்துக் கட்டாகப் போடுவேன், அதற்கும் போகாத பிள்ளைகளின் பூட்ஸைப் பையனின் கிளப்பில் எடுத்துக்கொள்ளும் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். மற்றது இரண்டு ஷூவையும் லேஸால் சேர்த்துக் கட்டி கார் பார்க்கிங் ஓரத்து ஷூ சேகரிப்புத் தொட்டிக்கு. கட்டாமல் போட்டால் ஜோடி பிரிந்துவிடும், பிரிந்த ஒற்றை ஷூ யாருக்கும் உதவாது.